லாக்கவுட்: கதவடைப்பு

தொழில் தகராறு முற்றும்போது முதலாளி தரப்பே வேலையிடத்தை மூடி, தொழிலாளரை உள்ளே விடாமலும் ஊதியம் தராமலும் நிறுத்திவைப்பது லாக்கவுட். தொழிலாளர் தாமாக வேலைக்கு வர மறுத்தால் அது வேலைநிறுத்தம். வரத் தயாராக இருப்பவரை வரவிடாமல் செய்தால் கதவடைப்பு. 2011-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்கள் நின்றுபோனதை ‘வீரர்களின் வேலைநிறுத்தம்’ என்று எழுதுவது பிழை. ஆட்டத்தை நிறுத்தியவர்கள் அணி உரிமையாளர்கள்.

ஆங்கிலச் சொல்லின் பொருள், பூட்டி வெளியே நிறுத்துதல். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பஞ்சாலைப் பூசல்களில் அது தொழில் வழக்காக ஊன்றியது. 1853-இல் பிரெஸ்டன் நகரத் தொழிலாளர் 10 சதவீதக் கூலி உயர்வு கேட்டபோது முதலாளிகள் சேர்ந்து ஆலைகளை மூடினார்கள். மறு ஆண்டுவரை அந்தப் பூட்டு நீடித்தது.

தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. தொழிற்சங்க மேடையிலும் நாளிதழிலும் நெடுங்காலமாகப் புழங்கும் ‘கதவடைப்பு’ மிகப் பொருத்தமானது. இந்தியாவின் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் மூன்று செயல்களை இதில் அடக்கியது: வேலையிடத்தைத் தற்காலிகமாக மூடுவது, வேலையை நிறுத்திவைப்பது, ஆட்களைத் தொடர்ந்து வேலையில் வைத்திருக்க மறுப்பது. ‘தற்காலிகமாக’ என்பது இங்கே முக்கியம். ஒரேயடியாக மூடினால் அது ஆலை மூடல். கடையடைப்பு வேறு: வணிகர் தம் எதிர்ப்பைக் காட்டத் தம் கடையையே மூடுவது. லாக்டவுன் என்பது ஊரடங்கு. ஒலி ஒற்றுமையால் அதை இதனோடு குழப்பக்கூடாது.

என்.பி.ஏ. வரலாற்றில் கதவடைப்பு நான்கு முறை நடந்திருக்கிறது. 1995, 1996 ஆண்டுகளில் கோடை விடுமுறையோடு முடிந்ததால் ஓர் ஆட்டமும் போகவில்லை. 1996-இல் சில மணி நேரமே நீடித்தது. 1998 ஜூலை 1-இல் தொடங்கியது 1999 ஜனவரி வரை இழுத்து, 82 ஆட்டப் பருவத்தை 50 ஆட்டமாகச் சுருக்கியது. 2011 ஜூலை 1-இல் தொடங்கியது டிசம்பர் 8-இல் முடிந்து, கிறிஸ்துமஸ் நாளில் 66 ஆட்டப் பருவம் ஆரம்பித்தது. ஊதிய ஒப்பந்தத் தகராறில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து அங்கே ஓர் ஆட்டம்கூட ரத்தானதில்லை. 1964-இல் பாஸ்டனில் நட்சத்திர ஆட்டத்துக்குச் சற்று முன், ஓய்வூதியம் கேட்டு ஆட மறுப்போம் என்று எச்சரித்தார்கள். வாக்குறுதி கிடைத்ததும் ஆடினார்கள். 2020 ஆகஸ்டில் மில்வாக்கி அணி களமிறங்க மறுத்தது காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்து. அங்கே ஊதியப் பேச்சே இல்லை.

ஏன் எப்போதும் உரிமையாளர்களே முந்துகிறார்கள்? விடை நாட்காட்டியில் இருக்கிறது. உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடியும். வீரருக்கான ஊதியம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையான வழக்கமான பருவத்துக்கு உரியது; வழக்கமாக முதல் தவணை நவம்பர் 15-இல் வரும். ஏப்ரலுக்குப் பிந்தைய இறுதிச் சுற்றுகளிலோ உரிமையாளருக்கு நுழைவுச்சீட்டு வருமானம் கொட்டும், வீரருக்கு ஒரு பொதுப் பரிசுத்தொகையின் பங்கு மட்டுமே உண்டு. ஒப்பந்தம் இல்லாமல் பருவம் தொடங்கிவிட்டால், வீரர்கள் தம் ஊதியத்தை ஈட்டிக்கொண்டு, உரிமையாளருக்கு மிகவும் வலிக்கும் ஏப்ரல் மாதத்தில் வேலைநிறுத்தம் செய்யலாம். அந்த ஆயுதத்தை ஜூலையிலேயே பிடுங்கிவிடுவதுதான் கதவடைப்பு. பேச்சுவார்த்தையில் தன் கை ஓங்க முதலாளி இப்படிச் செய்யலாம் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-இலேயே ஏற்றுக்கொண்டது.

2011-இன் கணக்கைப் பார்த்தால் சண்டை எதற்கு என்று புரியும். நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை போன்றவை சேர்ந்த கூடைப்பந்து வருமானம் அதற்கு முந்தைய பருவத்தில் சுமார் 380 கோடி டாலர். அதில் 57 சதவீதம் வீரர்களுக்குப் போனது. 30 அணிகளில் 22 நட்டத்தில் ஓடுகின்றன, மொத்த நட்டம் சுமார் 30 கோடி டாலர் என்றார்கள் உரிமையாளர்கள். வீரர் சங்கம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. கடைசியில் வீரர் பங்கு, முதல் ஆண்டுக்குப் பின், 49 முதல் 51 சதவீதத்துக்குள் என்று முடிவானது. 57-லிருந்து 50 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 27 கோடி டாலர் கை மாறுகிறது. சொன்ன நட்டத்தின் பெரும்பகுதியை வீரர்களின் பங்கிலிருந்தே ஈடுகட்டினார்கள் என்பதே நேர்மையான வாசிப்பு. இதற்கு மேல் அந்த ஆண்டு ஊதியமும் 82-இல் 66 பங்காகக் குறைந்தது: 1 கோடி டாலர் ஒப்பந்தம் உள்ளவருக்குக் கிடைத்தது சுமார் 80 லட்சம்.

கதவு அடைபட்ட நாட்களில் பயிற்சிக்கூடம், அணி மருத்துவர் எதையும் வீரர் அணுக முடியாது. அணி நிர்வாகம் அவரிடம் பேசவும் கூடாது. ஓர் ஆஸ்திரேலிய நாளிதழுக்குப் பேட்டி தந்தபோது வீரர் ஆன்ட்ரூ போகட்டைப் பற்றிக் குறிப்பிட்டதற்காக, உரிமையாளர் மைக்கேல் ஜோர்டனுக்கே 1 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. என்.பி.ஏ. வீரர் டெரான் வில்லியம்ஸ் துருக்கியின் பெஷிக்தாஷ் அணிக்கு ஆடப் போனார்.

பூட்டைத் திறக்க வீரர்களிடம் இருந்த சாவி விசித்திரமானது: தம் சங்கத்தையே கைவிடுவது. சங்கத்தோடு பேசி முடித்த ஒப்பந்தம் என்பதால்தான் ஊதிய உச்சவரம்பு, அதாவது ஓர் அணி வீரர் ஊதியத்துக்குச் செலவிடும் தொகைக்கான எல்லை, ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்குத் தப்புகிறது. சங்கம் இல்லையென்றால், 30 போட்டி நிறுவனங்கள் கூடிக் கூலியை நிர்ணயிப்பதாகிவிடும். 2011 நவம்பர் 14-இல் சங்கம் பேரம் பேசும் பொறுப்பைத் துறந்தது, வழக்குகள் தொடுக்கப்பட்டன, நவம்பர் 26-இல் உடன்பாடு வந்தது.

உடன் வரும் சொற்கள்: சாலரி கேப் என்பதற்கு ஊதிய உச்சவரம்பு. 1984-85-இல் அணிக்கு 36 லட்சம் டாலராகத் தொடங்கிய இது 2025-26-இல் 15 கோடியைத் தாண்டியது. விதிவிலக்குகளால் இதை மீறலாம்; மிக மேலே போகும் அணி கட்டுவது ஆடம்பர வரி. எஸ்க்ரோவுக்குப் ‘பிடித்தம்’ போதும்: ஊதியத்தில் 10 சதவீதம் பிடித்துவைத்து, வீரர்களின் மொத்தப் பங்கு வரம்பைத் தாண்டினால் உரிமையாளருக்கும், இல்லையேல் வீரருக்கும் தருவார்கள்.

எழுதும்போது: ‘உரிமையாளர்கள் கதவடைப்பு அறிவித்தனர்’, ‘கதவடைப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது’ சரி. ‘வீரர்கள் கதவடைப்பில் ஈடுபட்டனர்’ தவறு. இப்போதைய ஒப்பந்தம் 2029-30 பருவம் வரை. 2028-29-க்குப் பின் இரு தரப்பில் எவரும் விலகலாம். இந்தச் சொல்லுக்கு மீண்டும் வேலை வந்தால் 2029 அல்லது 2030 ஜூலையில் வரும்.