தரை மேலே வந்து அடித்தது

பம்மலில் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் விமானப் பணிப்பெண். ஒருநாள் கணுக்காலில் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "வழுக்கி விழுந்துட்டியாம்மா?" என்று அம்மா கேட்க, "நான் விழல ஆன்ட்டி, தரைதான் மேல வந்து அடிச்சுது" என்றாள். மாத்திரை மயக்கத்தில் உளறுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். உண்மையில், நடுவானில் விமானம் குலுங்கியதில் அடிபட்ட அவள் சொன்னது சுத்தமான இயற்பியல்.

கையிலிருந்து நழுவிய டம்ளர் எப்படி விழுமோ, அதைவிட வேகமாக ஒரு காற்றுச்சுழல் விமானத்தைக் கீழே தள்ளுகிறது என்று வையுங்கள். பெல்ட் போட்டவர் விமானத்தோடு சேர்ந்து இறங்குவார். நடைபாதையில் நிற்பவர் பின்தங்கிப்போவார், கூரை அவர் தலைக்கு வந்து சேரும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ321 விமானத்தில், மியான்மருக்கு மேலே, +1.35ஜி இருந்த விசை 0.6 விநாடிக்குள் −1.5ஜி ஆனது (1ஜி என்பது தரையில் நாம் உணரும் வழக்கமான எடை; மைனஸ் என்றால் இழுப்பு கூரைப்பக்கம்). 60 கிலோ ஆளை 90 கிலோ எடையோடு கூரைப்பக்கம் இழுத்தது போல. தலைக்கு மேல் அரை மீட்டர் இடைவெளி இருந்தாலும், அந்த விசையில் கால் விநாடியில் முட்டிக்கொள்ளும். கம்பியைப் பிடிக்கலாம் என்று மூளை முடிவெடுக்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும். அடுத்த 4 விநாடிக்குள் விசை +1.5ஜிக்குத் திரும்பியது. மேலே போனவர் கீழே வரும்போது தரையும் எதிரே ஏறி வருகிறது. கணுக்காலும் முதுகெலும்பும் உடைவது இப்படித்தான். அந்த விமானத்தில் ஒரு பயணி இறந்தே போனார்.

29சி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேகத்தடை தாண்டியவர்களுக்கு அடுத்த விஷயம் புரியும். விமானம் மூக்கைத் தூக்கி இறக்கும்போது இறக்கைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு, வால்பக்கம் அதிகம். பணிப்பெண்கள் சாப்பாடு எடுத்துவைக்கும் அடுக்களை பெரும்பாலும் அந்த வால்பக்கத்தில்தான். கூடவே, நிரம்பினால் ஏறக்குறைய 100 கிலோ வரும் உணவு வண்டி. அதற்கு பிரேக் உண்டு. ஆனால் பிரேக் வேலை செய்ய சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமே!

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கில், 2009 முதல் 2022 வரை இப்படிப் பலத்த காயமடைந்தவர்கள் 163 பேர். அதில் 129 பேர் ஊழியர்கள். இதில் எனக்கு வியப்பே இல்லை. பெல்ட் விளக்கு எரிந்ததும் நாம் உட்காருகிறோம், அவர்களோ நாம் பெல்ட் போட்டோமா என்று பார்க்க எழுந்து நடக்கிறார்கள்.

முன்கூட்டியே தெரியாதா என்றால், பாதி தெரியும். விமானத்தின் ரேடார் மழைத்துளியைப் பார்க்கும். ஐப்பசி மாதத்தில் வங்கக் கடல்மேல் எழும்பும் இடிமேகம் அதில் சிவப்பாகத் தெரியும், சுற்றிப் போகலாம். மேகமே இல்லாத நீல வானத்தில் காற்று கலங்கினால் அதில் துளி ஏது? ரேடாரும் சும்மா இருக்கும்.

எஸ்கியூ321க்குப் பிறகு, பெல்ட் விளக்கு எரிந்தால் சூடான பானத்தோடு சாப்பாடும் நிறுத்தம், ஊழியர்களும் உட்கார வேண்டும் என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விதியை மாற்றியது. கொரியன் ஏர் தரையிறங்க 40 நிமிடம் முன்பே பரிமாறுவதை முடித்துக்கொள்கிறது.

மாடிவீட்டுப் பெண் மறுபடி வேலைக்குப் போகிறாள். "மீனம்பாக்கத்துக்கு மேல மேகம் கட்டியிருந்தா வண்டிய முன்னாடியே பூட்டிடுவேன், சுடுதண்ணி கெட்டில தரையில வச்சுடுவேன். சரியா அப்பத்தான் யாராவது பெல் அடிச்சு காபி கேப்பாங்க ஆன்ட்டி."