ஓடாமல் விட்ட பத்து நாள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் முதலில் நடப்பது மரதன். விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று முன்னே போக, சப்பாத்தோடு பாதிப் பேரும் வெறுங்காலோடு பாதிப் பேருமாகப் பிள்ளைகள் றோட்டால் ஓடி வருவார்கள். ஐந்தாறு கிலோமீற்றர் இருந்தாலே பெரிது, ஆனாலும் அதன் பெயர் மரதன்தான். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர் என்று வகுப்பில் சொன்னபோது பின்வாங்கில் இருந்த ஒருவன், "அப்ப சேர், கல்முனைக்கே போயிரலாம்" என்றான். கணக்குச் சரி. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை ஏறக்குறைய 40 கிலோமீற்றர்.

அந்தத் தூரத்தை ஓடிப் பார்க்கும் ஆசை எனக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது. இணையத்தில் கிடைத்த 16 கிழமை அட்டவணை ஒன்றைக் குசினிச் சுவரில் ஒட்டினேன். கிழமைக்கு ஐந்து நாள் ஓட்டம். அதை எழுதியவருக்குப் பள்ளிக்கூடமும் பின்னேர ரியூசனும் இரண்டு பிள்ளைகளும் மாரி மழையும் இருந்திருக்காது. ஏழாவது கிழமையில் பரீட்சை விடைத்தாள் திருத்தும் வேலை வந்து சேர்ந்தது. பத்து நாள். காலையில் போனால் இருட்டுப்படத்தான் வீடு. ஒரு நாளும் ஓடவில்லை.

பதினோராம் நாள் விடிய, எல்லாம் கரைந்து போயிருக்கும் என்ற நினைப்போடு கல்லடிப் பழைய பாலத்துக்குப் போனேன். 1924இல் திறந்த இரும்புப் பாலம், நீளம் 300 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்களின் தொல்லை இல்லை. நாலாம் தரம் கடக்கும்போது தூண்டில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், "என்ன மனே, பஸ்ஸ விட்டிட்டியா?" என்றார். "இல்லப்பா, சும்மாதான் ஓடுறன், கனநாளாப் போச்சு" என்று ஓடிக்கொண்டே முழு வசனமாகப் பதில் சொன்னேன். ஐம்பது மீற்றர் போன பிறகுதான் உறைத்தது: மூச்சு வாங்கவில்லை. பத்து நாள் சும்மா இருந்த உடம்பு இதை எங்கே பத்திரப்படுத்தி வைத்திருந்தது?

ஓட்டம் உடம்பில் மாற்றுவது ஒரு பொருளை மட்டும் அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வரும், ஒவ்வொரு வேகத்தில் போகும். அவசரக்காரன் குருதியின் நீர்ப்பகுதி. தொடர்ந்து ஓடத் தொடங்கிய ஒரு கிழமைக்குள் அது கூடி, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் குருதியின் அளவும் கூடும். ஓட்டத்தை நிறுத்தினால் சில நாளிலேயே குறையும். அன்று பாலத்தில் என் நாடித்துடிப்பு வழமையை விடக் கூட இருந்ததற்கு முக்கிய காரணம் இதுதான். நல்ல காலம், போன வேகத்திலேயே அது திரும்பியும் வந்துவிடும்.

அடுத்தது இழைமணிகள். பாடப் புத்தகத்தில் கலத்தின் சக்தி நிலையம் என்று மனப்பாடம் பண்ணினோமே, அவைதான். 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஹொலோசி, எலிகளைப் பல கிழமை ஓடவிட்டு, அவற்றின் தசையில் இழைமணிகளின் ஒட்சிசன் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாவதைக் காட்டினார். ஒரு தரம் ஓடினால் தசைக் கலத்தில் சக்தி இருப்புக் குறைகிறது. கலம் அதை உணர்ந்து, இழைமணிப் புரதங்களைச் செய்யும்படி கட்டளை அனுப்புகிறது. கட்டளை சில மணித்தியாலங்கள் உச்சத்தில் இருந்து, ஒரு நாளளவில் அடங்கிவிடும். ஆனால் அதற்குள் செய்த புரதம் அங்கேயே கிடக்கும், மெல்லத்தான் தேயும். அடியில் சிறு ஓட்டை உள்ள குடத்தில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றுவது போல என்று வகுப்பில் சொல்வேன். ஓடுவது ஊற்றும் வேலை. குடம் நிறைகிறதா இல்லையா என்பது இரண்டு ஊற்றலுக்கு இடையில் தெரியும்.

எவ்வளவு வேகமாக ஒழுகுகிறது? 1984இல் எட்வேட் கொயில் என்பவரின் குழு, நன்றாகப் பயிற்சி பெற்ற 7 பேரை ஓட்டமும் சைக்கிளும் இல்லாமல் 84 நாள் இருக்க வைத்து அளந்தது. உடம்பு உள்ளெடுக்கக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவு முதல் 21 நாளில் 7 வீதம் குறைந்தது, 56 நாளில் 16 வீதம், அதற்கு மேல் இறங்கவில்லை. தசையைச் சுற்றி வளர்ந்திருந்த மயிரிழைக் குருதிக் குழாய்கள் 84 நாளுக்குப் பிறகும் அப்படியே இருந்தன. அவர்கள் பல வருடப் பயிற்சிக்காரர்கள். என்னைப் போல ஆறு கிழமை ஓடியவனின் குடம் இன்னும் கொஞ்சம் வேகமாக ஒழுகும். இருந்தாலும் பத்து நாளில் வெறுங்குடம் ஆகாது.

இதைவிட எனக்குப் பிடித்தது றொபேட் ஹிக்சன் 1980களின் தொடக்கத்தில் செய்த வேலை. கிழமைக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்துக் கிழமை கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, அப்புறம் நாலு நாளுக்கோ இரண்டு நாளுக்கோ குறைக்கச் சொன்னார். வேகத்தை மட்டும் குறைக்க விடவில்லை. 15 கிழமை கழித்துப் பார்த்தால், உச்ச ஒட்சிசன் அளவில் பெற்ற முன்னேற்றம் கையில் இருந்தது. பிறகு வேறு குழுவில் நேரத்தை 13 நிமிடத்துக்கு வெட்டிப் பார்த்தார். அப்போதும் ஒட்சிசன் அளவு நின்றது, ஆனால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் சரிந்தது. வேகத்தைக் குறைத்த குழுவில் ஒட்சிசன் அளவும் போனது. நேரமில்லாத ஆளுக்கு இதில் ஒரு பேரமே இருக்கிறது. நாட்களைக் குறைக்கலாம். ஒரு கடுமையான ஓட்டத்தையும் ஒரு நீண்ட ஓட்டத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சுவரில் இருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டு மூன்று நாளுக்கு மாறினேன்.

முதலில் அந்த மூன்றையும் பின்னேரத்துக்குத்தான் போட்டேன், அது சரிவரவில்லை. ரியூசன் முடிந்து, தலை நிறையப் பிள்ளைகளின் கேள்விகளோடு ஓடினால், அதே பாலம், அதே வேகம், கால் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். வெறும் மனச் சோம்பல் என்றுதான் நினைத்தேன். 2009இல் வேல்ஸ் நாட்டில் சமுவேலே மார்கோரா குழு செய்த பரிசோதனையைப் படித்த பிறகுதான் என்னை நானே மன்னித்தேன். 16 பேரை ஒரு நாள் கணினித் திரை முன்னால் இருத்தி, கண் எடுக்காமல் எழுத்துகளைக் கவனித்துப் பொத்தான் அழுத்தும் வேலையை 90 நிமிடம் கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே நேரத்துக்கு ஒரு ஆவணப்படம். இரண்டு நாளும் முடிவில் சைக்கிளில் ஏற்றி, இயலாது என்று நிறுத்தும் வரை மிதிக்க வைத்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரி 754 செக்கன். தலையைக் கசக்கிய நாளில் 640. இதயமும் நுரையீரலும் தசையும் இரண்டு நாளும் ஒரே மாதிரித்தான் வேலை செய்தன. கூடியிருந்தது "கஷ்டமாக இருக்கிறது" என்ற உணர்வு ஒன்றுதான், அதுவும் முதல் நிமிடத்திலிருந்தே. 90 நிமிடம் எழுத்துப் பார்த்ததற்கே இந்தக் கதி என்றால், பத்து நாள் விடைத்தாள் திருத்தியவனின் நிலையை யோசியுங்கள்!

அதனால் ஓட்டத்தை விடிய நாலரைக்கு மாற்றினேன். அங்கேதான் அடுத்த பிழை. எழும்பும் நேரத்தை மாற்றியவன் படுக்கும் நேரத்தை மாற்றவில்லை. ஐந்து மணித்தியால நித்திரையோடு ஒரு மாதம் ஓடினேன். ஆழ்ந்த நித்திரையில்தான் வளர்ச்சி ஓமோன் கூடுதலாகச் சுரக்கும், தேய்ந்த இடங்களைத் திருத்தும் வேலையும் அப்போது மும்முரமாக நடக்கும். அதிலும் எலும்பு மெதுவான ஆள்: பழைய துணுக்கைக் கரைத்துவிட்டுப் புதியதைக் கட்டி முடிக்க மாதக் கணக்காகும். இழைமணிகள் ஆறு கிழமையில் பெருகி, "இன்னும் ஓடு" என்று தசை கேட்கும்போது, எலும்பும் தசைநாணும் இன்னும் பழைய கணக்கிலேயே நிற்கும். என் இடது கணைக்காலின் உள்பக்கத்தில் விரலால் அழுத்தினால் சுள்ளென்று ஒரு நோவு. வைத்தியர் மூன்று கிழமை ஓடாதே என்றார். பத்து நாளுக்கே பதறியவனுக்கு மூன்று கிழமை! இப்போது ஒன்பதரைக்கு வீட்டில் லைற் அணையும். பிள்ளைகளுக்கு இதில் கோபம்.

மெதுவாக ஓடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலத்தில் என்னை முந்திக்கொண்டு பறக்கிற பொடியன்கள் இதை நம்புவதில்லை. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 60 கிலோகலோரி வேண்டும், மரதனுக்கு 2,500. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசன் என்ற வடிவில் சேமித்த மாச்சத்து சுமார் 500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரி. அதிலும் கைத் தசையில் உள்ளதைக் காலுக்குக் கடன் கொடுக்க வழியில்லை, தசையிலிருந்து குளுக்கோசு வெளியே வராது. 30 கிலோமீற்றரைத் தாண்டியதும் கால் கல்லாவது இந்தப் பற்றாக்குறையால்தான். கொழுப்போ, ஒல்லியான ஆளிடமும் மரதன் பல ஓடக் காணும். ஆனால் அது மெதுவாக எரியும் விறகு, வேகம் கூடினால் உடம்பு அதை ஒதுக்கிவிட்டுக் கிளைக்கோசனுக்குத் தாவும். கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில்தான் கொழுப்பு நன்றாக எரியும். தூண்டில்காரப் பெரியவருக்கு முழு வசனத்தில் பதில் சொல்ல முடிகிறதா என்பதே என்னுடைய கருவி.

இந்தக் கிளைக்கோசன் தொட்டியை நிரப்புவது பற்றி 1966இல் சுவீடனில் இருவர் தங்கள் உடம்பிலேயே பார்த்தார்கள். பேர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் ஒரே சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் களைக்கும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் மற்றக் காலைப்போல இரண்டு மடங்கு கிளைக்கோசன். சாப்பாடு ஒன்று, வயிறு ஒன்று. வெறுமையான கால்தான் கூடுதலாக இழுத்துக்கொண்டது. சோறும் பிட்டும் இடியப்பமும் வாழைப்பழமும் உள்ள ஊரில் இதற்கு வேறு மாவு வாங்கத் தேவையில்லை. ஒரு கிராம் கிளைக்கோசனோடு மூன்று கிராமளவு தண்ணீரும் சேர்வதால் தராசு கொஞ்சம் கூடக் காட்டும், பயப்பட வேண்டாம்.

எங்கள் ஊருக்கென்று தனியாக உள்ள தொல்லை வெக்கை. ஓடும்போது செலவாகும் சக்தியில் முக்கால் பங்கு சூடாகிறது. 60 கிலோ ஆள் மணிக்கு 9 கிலோமீற்றர் ஓடினால், அந்தச் சூடு வெளியேறாமல் நின்றால், ஒரு மணித்தியாலத்தில் உடம்பு 8 பாகை ஏறிவிடும், உயிர் தப்பாது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி போகும், அது தாராளம். ஆனால் ஆவியாக வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஈரக் காற்றில் அது சொட்டி விழுகிறது, சொட்டிய துளி எதையும் குளிர்விக்காது. கச்சான் காற்றுக் காலத்தில் (கடலை அல்ல, காற்று) ஈரம் குறைவு, வெயில்தான் கொல்லும். வெக்கையில் ஒன்று இரண்டு கிழமை படிப்படியாக ஓடினால் வியர்வை முந்திச் சுரக்கும், அதில் உப்புக் குறையும். நேரத்தை மிச்சம் பிடிக்க மத்தியானத்தில் ஓடுகிறேன் என்பவர்களுக்கு மட்டும் என் ஆதரவு இல்லை.

ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு நான் கண்ட வழி, போன வழியே திரும்பி ஓடாதது. கல்லடியில் தொடங்கி நேரே தெற்கு. முதலில் ஆரையம்பதி வரை, பிறகு குருக்கள்மடம், இப்போது களுதாவளை. வரும்போது பஸ். இதில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம், எட்டரைக்கு வீட்டில் நிற்கலாம். போன கிழமை களுதாவளையில் ஏறி, வெற்றிலைக் கட்டுகளோடு இருந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்துச் சீற்றில் உட்காரப் போனேன். கண்டக்டர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"சேர், நின்டே வாங்க. சீற்று நனையும்."

மட்டக்களப்பு வரை நின்றுகொண்டே வந்தேன்.