பழப்புறாவுக்குக் கம்பு போடாதீர்கள்

ஓசூர்ப் பக்கத்திலிருந்து மறுபடியும் ஒரு ஜம்பு பழப்புறா என்னிடம் சிகிச்சைக்கு வந்தது. ஆண். சிவந்த முகம், பச்சை முதுகு, வெள்ளை நெஞ்சில் ரோஜா நிறத் திட்டு. மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ காடுகளில் இருக்க வேண்டிய பறவை. கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி தட்டுப்படுகிறது. கூண்டுத் தட்டில் எச்சத்தோடு கம்பும் சோளமும் முழுசு முழுசாகக் கிடந்தன.

"நல்லாத்தான் சாப்பிடுது டாக்டர்" என்கிறார்கள். சாப்பிடுகிறது, செரிக்கவில்லை. பசியில் எதையாவது விழுங்குகிறது, அவ்வளவுதான்.

"புறான்னா தானியந்தானே?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வீட்டுப் புறாவின் அரைக்கும் வயிறு தடித்த தசை; விழுங்கி வைத்த பொடிக் கல்லோடு சேர்த்துத் தானியத்தை மாவாக்கிவிடும். பழப்புறாவுக்கு அந்தச் சுவர் மெல்லியது, குடலும் குட்டை. பழச்சதை மட்டும் கரையும், விதை அப்படியே வெளியே விழும். தீவுக் காடுகளில் பல மரங்கள் பரவுவதே இப்படித்தான். ஊறவைத்த கம்பு, உடைத்த சோளம், பொட்டுக்கடலை என்று மாற்றிப் பார்க்க வேண்டாம். அதன் உணவு பழம்.

நம் ஊர் ஆலமரத்துக்கு வரும் மஞ்சள்கால் பச்சைப்புறாவும் பழந்தின்னிதான். ஆனால் அது அத்தி விதையையே அரைத்துவிடும். அதை வைத்து இதற்குக் கணக்குப் போடாதீர்கள். அதைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பப்பாளி, வாழை, அத்தி கொடுங்கள். பொடியாக நறுக்குங்கள், இது கடித்துத் தின்னாது, விழுங்கும். மாம்பழத்துக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது, அதுவும் கொடுக்கலாம். கார்பைடு வைத்துப் பழுத்தது மட்டும் வேண்டாம். காலையில் வைத்த பழத்தை மதியம் எடுத்துவிடுங்கள், வெயிலில் புளித்துப்போகும். பந்தயப் புறாக்களோடு ஒரே தண்ணீர்க் கிண்ணம் கூடவே கூடாது. அவற்றின் தொண்டையில் மஞ்சள் கட்டி வரவைக்கும் கிருமி தண்ணீர் வழியாகத் தொற்றும். அப்புறம், மார்கழிக் குளிரில் மொட்டைமாடியில் விடாதீர்கள்.

இறகை உப்பவைத்துக்கொண்டு கண் மூடி உட்கார்ந்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். "ரெண்டு நாள் பாக்கலாம்" என்று வைத்திருந்து கொண்டுவரும் பறவையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. பறவை நோயை வெளியே காட்டாது. காட்டும்போது ஏற்கெனவே முற்றியிருக்கும்.

வாங்க நினைப்பவர்கள் வாங்கும் முன்பே எந்தக் கால்நடை மருத்துவரையாவது கேளுங்கள், தயவுசெய்து. தினமும் பழம் நறுக்க நேரமில்லை என்றால் வாங்காதீர்கள்.