அன்டெனாவுக்கு முன்னால் அடுப்படி

வடமேற்கு லண்டனில், கில்பர்னில் ஒரு மாடிக் குடியிருப்பு. 1950களில் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, அடுப்படி ஜன்னலோரத்தில் இருந்த வானொலிப் பெட்டியை எனக்குக் காட்டினார். அலைவரிசைக் கண்ணாடியின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தது. முள் அதற்கு நேரே வந்து நின்றால் அயர்லாந்து பேசும். பல வருடமாக அவர் அந்த முள்ளை நகர்த்தியதே இல்லை.

"இப்ப வெறும் இரைச்சல்தான் வருது. பழுது பார்த்துத் தருவீங்களா?" என்று கேட்டார்.

பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. ஐரிஷ் தேசிய ஒலிபரப்பான ஆர்.டி.ஈ. ரேடியோ 1, நெட்டலையில் 252 கிலோஹெர்ட்ஸில் வந்துகொண்டிருந்தது. மீத் மாவட்டத்துக் கிளார்க்ஸ்டவுன் கோபுரத்திலிருந்து கிளம்பிய அந்த அலை, கடல் தாண்டி பிரிட்டனில் இருந்த ஐரிஷ் வீடுகளுக்குள் வந்தது. 2014இல் அதை மூடப்போவதாக அறிவித்தபோது இங்குள்ள முதியவர்கள் எதிர்த்தார்கள், மூடுவது தள்ளிப்போனது. 2023 ஏப்ரல் 14ஆம் தேதி நிறுத்தியே விட்டார்கள். நெட்டலைக் கோபுரத்துக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும், அதனால் அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. இணையத்தில் கேட்கலாம், செயற்கைக்கோள் டிவியில் கேட்கலாம் என்று மாற்று வழிகளும் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மாவிடம் இணையம் இல்லை. டிவி இருப்பது முன் அறையில், அவர் நாள் முழுதும் இருப்பது அடுப்படியில்.

நான் ஒலிபரப்புத் தொழில்நுட்பம் படித்தவன். சமூக வானொலி தொடங்க நினைக்கிறவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. 252 நின்ற பிறகு, அந்தப் பக்கத்து ஐரிஷ் சங்கம் ஒன்று என்னைக் கூப்பிட்டது. நமக்கென்று உள்ளூரில் ஒரு வானொலி இருந்தால் என்ன என்பதுதான் கேள்வி. முதல் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். நிலையத்துக்கு என்ன பெயர், அன்டெனாவை எந்தக் கட்டடத்தின் மேல் வைப்பது, எந்த மைக் வாங்குவது என்பதெல்லாம் வந்தது. யார், எத்தனை மணிக்கு, எந்தப் பெட்டியில் கேட்கப்போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் வரவில்லை. புலம்பெயர்ந்த சமூகங்கள் போடும் வானொலித் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. அன்பும் ஆர்வமும் நிறைய இருக்கும், ஆனால் திட்டம் கோபுரத்திலிருந்து தொடங்கும்.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு ஒரு வரைபடம் கொண்டுபோனேன். சங்கத்தின் பகல் உணவுக்கு வரும் முதியவர்களின் அஞ்சல் குறியீடுகளை வைத்து ஊசி குத்தினோம். ஒரு காலத்தில் கில்பர்ன், கிரிக்கில்வுட், கேம்டன் என்று போனால் ஐரிஷ் மக்கள் கூட்டமாகவே இருந்தார்கள். ஞாயிறு பூசை, வேலைக்கு ஆள் எடுக்கும் தெருமுனை, சனி இரவு நடன மண்டபம் எல்லாம் நடக்கும் தூரம். கிரிக்கில்வுட்டின் கால்ட்டிமோர் நடன மண்டபம் 2008இல் மூடப்பட்டது. வாடகை ஏற, பிள்ளைகள் வளர, குடும்பங்கள் ஹாரோ, வாட்ஃபோர்ட், லூட்டன் என்று வடக்கே நகர்ந்துவிட்டன. சமூக வானொலிக்குப் பண்பலையில் கிடைக்கும் சக்தி பொதுவாக 25 வாட் அளவு, எட்டும் தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கில்பர்னை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டோம். உள்ளே விழுந்த ஊசிகளைவிட வெளியே நின்றவை அதிகம். அறை அமைதியாகிவிட்டது. போதாக்குறைக்கு லண்டனில் பண்பலையில் காலி இடம் கிடைப்பதே அரிது.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சமூக வானொலிக்குத் தனிச் சட்டம் 2004இல் வந்தது, ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 2005இலிருந்து உரிமம் கொடுக்கிறது. அதற்கு முன் 2002இல் 15 நிலையங்களை வைத்துச் சோதனை நடந்தது. சவுத்ஹாலின் பஞ்சாபி வானொலியான தேசி ரேடியோ அதில் ஒன்று. லாபத்துக்காக நடத்தக்கூடாது, சமூகத்துக்கு என்ன பயன் என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும், ஒலிபரப்பிய ஒவ்வொரு நிமிடத்தின் பதிவையும் 42 நாள் வைத்திருக்க வேண்டும். இப்போது பண்பலையைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: சிறு அளவிலான டிஜிட்டல் ஒலிபரப்பு, அதாவது டிஏபி. பல நிலையங்களை ஒரே அலையில் சேர்த்து அனுப்பும் அமைப்புக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர்; ஒரே நிகழ்ச்சியை ஊருக்கு ஒரு மல்டிபிளெக்ஸில் வாடகைக்கு ஏற்றலாம். சிதறிக் கிடக்கிற சமூகத்துக்கு இது பொருத்தம். நாங்களும் இந்தப் பக்கம்தான் சாய்ந்தோம்.

சரி, என்ன ஒலிபரப்புவது? பாட்டு என்றார்கள். கெய்லி என்னும் ஐரிஷ் நடன இசை, ஃபிடில், கன்ட்ரி பாடல்கள் எல்லாம் வேண்டியவைதான். அப்புறம் அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளான கேலிக் கால்பந்தும், மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங்கும். போட்டி வர்ணனைக்கு உரிமை இருக்கிறது, அது சும்மா கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ரைஸ்லிப் மைதானத்தில் நடக்கும் லண்டன் போட்டிகளுக்கு அனுமதி கேட்கலாம், அது நம் எல்லைக்குள் நடக்கும் விஷயம். வர்ணனை என்றதும் ஒரு பெரியவர் 1947 இறுதிப் போட்டியைச் சொன்னார். அந்த ஒரு வருடம் அகில அயர்லாந்துக் கால்பந்து இறுதிப் போட்டி நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் நடந்தது. கேவன், கெர்ரி மாவட்ட அணிகள் ஆட, அயர்லாந்தே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஆட்டம் தாமதமாகிவிட, அட்லாண்டிக்கைக் கடக்கும் தொலைபேசி இணைப்புக்கு வாங்கிய நேரம் முடியப்போகிறது. வர்ணனையாளர் மீஹால் ஓஹெஹிர் ஒலிபரப்பிலேயே, இணைப்பை வெட்டிவிடாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று கெஞ்சினார். இணைப்பு அறுபடவில்லை, கேவன் வென்றது. இதைக் கேட்டதும் நான் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டேன்: மணியடித்தால் தானாக அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவும் மென்பொருளை, போட்டி நாளில் அணைத்து வைக்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் கடைசி நிமிடத்து கோலை விளம்பரம் விழுங்கிவிட்டால் கேட்பவர் மன்னிக்கமாட்டார்.

ஆனால் இந்த வானொலியின் உயிர் பாட்டிலும் இல்லை, பந்திலும் இல்லை என்பதை அந்த மேயோ அம்மாதான் எனக்குச் சொன்னார். "யார் செத்துப்போனாங்கன்னு எனக்கு யார் சொல்லுவா?"

அயர்லாந்தின் உள்ளூர் வானொலிகள் தினமும் மரண அறிவித்தல் வாசிக்கின்றன. மேயோவின் மிட்வெஸ்ட் ரேடியோ, டொனகாலின் ஹைலண்ட் ரேடியோ இரண்டிலும் இது மக்கள் காத்திருந்து கேட்கும் பகுதி. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும், அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி நிற்பார். இன்றைக்கும் லண்டன் தமிழ் வானொலிகளில் "பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் குரலுக்கு நாங்கள் காது கொடுக்கிறோம். அதனால் அந்தக் கேள்வி எனக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது.

இங்கே நேரக் கணக்கு முக்கியம். இங்கிலாந்தில் ஒருவர் இறந்தால் அடக்கத்துக்கு இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். அயர்லாந்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் முடிந்துவிடும். திங்கள் காலை இறந்தவருக்குப் புதன்கிழமை பூசையும் அடக்கமும் இருக்கலாம். கில்பர்னில் இருக்கும் தங்கை திங்கள் மாலையே கேள்விப்பட்டால்தான் மேயோவின் நொக் விமான நிலையத்துக்கு டிக்கெட் போட முடியும். புதன் மாலை தெரிந்தால் அழுவதற்குத்தான் நேரம் இருக்கும். ஆகவே அறிவித்தல் தினமும், ஒரே நேரத்தில், தவறாமல் வர வேண்டும். இரவில் மறுபடியும், காலையில் இன்னொரு தடவையும்.

அதற்கென்று ஒரு படிவம் போட்டோம். பெயர், பெண்ணானால் கல்யாணத்துக்கு முந்திய குடும்பப் பெயர், ஊரில் கூப்பிடும் பெயர், குறிச்சி, தேவாலயப் பங்கு, மாவட்டம், உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, பூசை எத்தனை மணிக்கு, எந்தச் சேமக்காலையில் அடக்கம். குறிச்சி கட்டாயம். மேயோவில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், குறிச்சியைச் சொன்னால்தான் ஆள் பிடிபடும். ஐரிஷ் மொழியிலிருந்து வந்த அந்த இடப்பெயர்கள் எழுத்தில் ஒரு மாதிரி, வாயில் ஒரு மாதிரி. வாசிப்பவர் அந்த மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிப் பார்க்க வேண்டும். இன்னொரு விதியும் வைத்தோம்: தொலைபேசியில் யார் சொன்னாலும் அப்படியே வாசிக்கக்கூடாது. அடக்க ஏற்பாடு செய்யும் நிறுவனத்தைத் திரும்ப அழைத்து உறுதி செய்த பிறகுதான் வாசிப்பு. உயிரோடு இருப்பவரை ஒரு தடவை இறந்தவர் என்று வாசித்துவிட்டால், அந்த வானொலியை ஊர் மறுபடி நம்பாது.

இங்கிருந்துதான் ஆள்கணக்கு தொடங்கியது. 24 மணி நேரமும் ஒலிபரப்ப வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். நான் ஒரு மணி நேரம் கேட்டேன். தினமும் மாலை ஒரு மணி நேரம் நேரலை, மற்ற நேரம் பதிவும் இசையும். பேச ஒருவர், கருவி பார்க்க ஒருவர், தொலைபேசிக்கு ஒருவர் என்று நாளுக்கு மூன்று பேர், வாரத்துக்கு 21 முறை. தன்னார்வலர் ஒருவர் வாரம் ஒருமுறைதான் நிச்சயமாக வருவார். காய்ச்சல், பேரப்பிள்ளை, ஊர்ப்பயணம் எல்லாம் சேர்த்தால் 30 பேர் வேண்டும். அறையில் இருந்தவர்கள் 14 பேர். இந்தக் கணக்கைப் பார்த்து யாரும் மனம் உடையவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆள் சேர்க்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

சோதனை ஒலிபரப்பை மார்ச் மாதத்தில் வைக்கலாம் என்றார்கள், புனித பேட்ரிக் திருநாள் வருகிறதே என்று. அதிகபட்சம் 28 நாளுக்குக் குறுகியகால உரிமம் வாங்க முடியும். நான் நவம்பரைக் கேட்டேன். மார்ச்சில் எல்லோரும் ஐரிஷ், எல்லோரும் தன்னார்வலர், வாத்தியம் வாசிக்க வரிசையே நிற்கும். அதை வைத்து ஒரு நிலையத்தின் பலத்தை அளக்க முடியாது. நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், மழை, பஸ் தாமதம். அந்தச் செவ்வாய்க்கிழமை மாலைக்கு யார் வருகிறார்களோ அவர்கள்தான் நிலையம். தவிர, கத்தோலிக்க ஐரிஷ் மக்களுக்கு நவம்பர் இறந்தவர்களை நினைக்கும் மாதம். எங்கள் நிகழ்ச்சிக்கு அதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை.

குரல் பதிவில் நான் எதிர்பாராத ஒரு கதவு மூடியிருந்தது. பர்மிங்காமிலிருந்து லண்டனுக்கு மாறி வந்த ஒரு முதியவர் அருமையாகக் கதை சொல்வார். மைக்கைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். "என் குரலைப் போட வேண்டாம்." 1974 நவம்பர் 21 அன்று பர்மிங்காம் மதுக்கடைகளில் வெடித்த குண்டுகளில் 21 பேர் இறந்தார்கள். செய்யாத குற்றத்துக்காக ஆறு ஐரிஷ்காரர்கள் 1991 வரை சிறையில் இருந்தார்கள். அந்த வருடங்களில் கடையிலும் பஸ்ஸிலும் வாய் திறக்கப் பயந்தவர்கள் எத்தனையோ பேர், உச்சரிப்பே காட்டிக்கொடுத்துவிடும் என்று. பர்மிங்காமில் நின்றுபோன பேட்ரிக் ஊர்வலம் 1996இல்தான் திரும்ப வந்தது. 1983க்குப் பிறகு கொழும்பு பஸ்ஸில் தமிழ் பேசாமல் உட்கார்ந்து வந்த என் மாமாவை நினைத்துக்கொண்டேன். அந்த முதியவரை வற்புறுத்தவில்லை. பதிவு செய்தாலும் கேட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமை பேசுபவருக்கே உண்டு என்று சங்கம் எழுதி வைத்தது. மூன்று மாதம் கழித்து, தன் பெயரைச் சொல்லாமல் அவர் ஒரு கதை சொன்னார், ஊரில் சதுப்பு நிலத்துக் கரிமண் வெட்டி அடுப்பெரித்த கதை.

பணத்துக்கு அயர்லாந்து அரசின் புலம்பெயர்ந்தோர் உதவித் திட்டம் 2004 முதல் இருக்கிறது, வெளிநாட்டு ஐரிஷ் அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். உள்ளூர்க் கட்டட ஒப்பந்தக்காரர்கள், அடக்க ஏற்பாட்டாளர்கள் விளம்பரம் தருவார்கள். ஒரே பையிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதீர்கள் என்பது என் சொந்த ஆலோசனை. அந்தப் பை மூடிக்கொண்டால் நிலையமும் மூடிவிடும்.

செலவுப் பட்டியலில் நான் பிடிவாதமாகச் சேர்த்த ஒரு வரி, கேட்பவர் வீட்டுச் செலவு. டிஜிட்டல் ஒலிபரப்பு என்றால் பழைய பெட்டி உதவாது, புதியது வேண்டும். பெட்டியை மட்டும் கொடுத்தால் போதாது. ஒருவர் வீட்டுக்குப் போய், அடுப்படியிலேயே வைத்து, சிக்னல் வருகிறதா என்று பார்த்து, நிலையத்தை முதல் பொத்தானில் பதிந்து, ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். சிக்னல் கிடைக்காத வீட்டுக்குத் தொலைபேசி வழி: ஒரு எண்ணை அழைத்தால் ஒலிபரப்பு காதில் கேட்கும். இதற்கு ஒதுக்கிய தொகையைப் பார்த்து, இந்தப் பணத்தில் நல்ல மைக் இரண்டு வாங்கலாமே என்றார் ஒருவர். வாங்கலாம்தான். மேயோ அம்மாவுக்கு அது கேட்காது.

நவம்பர் சோதனைக்கு முந்திய வாரம் அவர் வீட்டுக்கு நானே போனேன். பழைய பெட்டியை எடுக்க விடவில்லை, புதியதை அதன் பக்கத்தில் வைத்தோம். பொத்தான்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்றார். பிளாஸ்திரி இருக்கிறதா என்று கேட்டேன். இழுப்பறையிலிருந்து எடுத்து, கத்தரியால் ஒரு துண்டு வெட்டி, முதல் பொத்தானுக்கு மேலே அவரே ஒட்டினார்.