டெப்ரோடுமுமாப்: காப்பீடு மறுத்தால் மேல்முறையீடு செய்வது எப்படி?

தைராய்டு கண் நோய்க்கென்றே (தைராய்டு கோளாறோடு சேர்ந்து வரும், கண்ணை வீங்கவும் பிதுங்கவும் வைக்கும் நோய்) அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து டெப்ரோடுமுமாப். டெபெஸா என்ற பெயரில் 2020 ஜனவரியில் அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸாக ஏற்றுவார்கள், மொத்தம் 8 முறை. முதல் முறை உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி., பிறகு 20 மி.கி. விலை மிக அதிகம் என்பதால் சிகிச்சை தொடங்கும் முன்பே தங்களிடம் ஒப்புதல் (முன் அனுமதி) பெறுமாறு காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும். பலரும் தடுக்கி விழுவது அங்கேதான்.

மறுப்புக்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம், "நோய் இப்போது தீவிரமாக இல்லை" என்பது. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் நோய் தொடங்கி 9 மாதத்துக்குள் இருந்தவர்களையே சேர்த்தார்கள். அந்த அளவுகோலைச் சில நிறுவனங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் 2023 ஏப்ரலில் மருந்தின் லேபிள் (யாருக்குத் தரலாம் என்று எஃப்டிஏ ஏற்ற குறிப்பு) மாறிவிட்டது: நோய் தீவிரமாக இருந்தாலும் அடங்கியிருந்தாலும், எத்தனை காலமானாலும் தரலாம். லேபிள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் மேல்முறையீட்டில் இதைவிட வலுவான வாதம் இல்லை. "முதலில் ஸ்டீராய்டு போட்டுப் பாருங்கள்" என்றால், ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் தணிக்கும், கண் பிதுக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது என்று மருத்துவர் எழுத வேண்டும்.

பெரும்பாலான தனியார் காப்பீடுகளில், மறுப்புக் கடிதம் வந்து 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சிகிச்சை தொடங்காத நிலையில் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அவசரம் என்றால் 72 மணி நேரம். மீண்டும் மறுத்தால் 4 மாதத்துக்குள் வெளி மறுஆய்வு, அதாவது நிறுவனத்தைச் சாராதவர்கள் செய்யும் மறுஆய்வு, கேளுங்கள். அந்த முடிவு 45 நாளுக்குள் வரும், நிறுவனம் அதை ஏற்றே ஆக வேண்டும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு விதிகள் வேறு.

கடிதத்தில் "கண் பிதுங்கியுள்ளது" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. கண் எவ்வளவு பிதுங்கியுள்ளது என்று அளக்கும் ஹெர்ட்டல் கருவியில் எடுத்த அளவை இரு கண்ணுக்கும் மில்லிமீட்டரில், தேதியோடு தாருங்கள். இரட்டைப் பார்வையின் நிலை, புகைப்படங்கள், ஏற்கெனவே எடுத்த ஸ்டீராய்டின் மொத்த அளவு, ரத்தச் சர்க்கரை, சிகிச்சைக்கு முந்தைய செவித்திறன் சோதனை ஆகியவையும் வேண்டும். காது கேட்பது குறைவதும் சர்க்கரை ஏறுவதும் இம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். கருவுறும் வாய்ப்புள்ளவர்கள் கடைசி டோஸுக்குப் பிறகும் 6 மாதம் கருத்தடை முறையைத் தொடர வேண்டும்.

பார்வை மங்கினாலோ நிறங்கள் வெளிறித் தெரிந்தாலோ கடிதப் போக்குவரத்துக்குக் காத்திருக்காதீர்கள். பார்வை நரம்பு அழுந்தியிருக்கலாம். அதற்கு அதிக அளவு ஸ்டீராய்டோ அறுவை சிகிச்சையோ உடனே தேவைப்படும்.

அனுமதி கிடைத்ததும் அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். முதல் டோஸிலிருந்து எட்டாவதுவரை 21 வாரம் ஆகும். நடுவில் அனுமதி காலாவதியானால் சிகிச்சை பாதியில் நின்றுபோகலாம்.