அப்ரண்டிஸ்: பழகுநரா, பயிலுநரா, பயிற்சியாளரா?

சென்னைப் பக்கம் வேலை தெரியாமல் சொதப்புகிறவனை ‘அப்பரசண்டி’ என்று திட்டுவார்கள். தொழில் பழக வருகிறவரைக் குறிக்க, பட்டறைக்குள் ‘அப்ரண்டிஸ்’ என்று கௌரவமாக நுழைந்த சொல், நாக்கில் புரண்டு வசவாகிவிட்டது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் வினைக்குக் கற்றுக்கொள்வது என்று பொருள். இன்னும் பின்னால் போனால் இலத்தீன். அங்கே கையால் பற்றுவது. ‘சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொண்டான்’ என்று நாம் சொல்வதும் அதே கைதான்.

இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம், கைத்தொழில் செய்ய வருகிறவர் ஏழு ஆண்டு ஒருவரிடம் தொழில் பழகியிருக்க வேண்டும் என்றது. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை அந்தக் காலத்தில் ஒரே தோலில் இரண்டு முறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. பல் பொருந்தினால் பத்திரம் உண்மை. இலத்தீனில் பல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் இந்தப் பத்திரத்துக்கு ‘இண்டெஞ்சர்’ என்ற ஆங்கிலப் பெயர் வந்தது. பின்னாளில் நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் ஃபிஜிக்கும் நம் ஆட்களைக் கப்பலேற்றிய கூலி ஒப்பந்தத்துக்கும் அதே பெயர்தான்.

அப்ரண்டிஸ் என்ற சொல்லுக்கும் ஒரு கறை உண்டு. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது, விடுதலை பெற்ற பெரியவர்களைப் பல இடங்களில் அப்படியே விட்டுவிடவில்லை. ‘அப்ரண்டிஸ்’ என்று பெயரை மாற்றி, பழைய முதலாளியிடமே இன்னும் சில ஆண்டு கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். என்ன தொழில் கற்றுக்கொடுத்தார்களாம்? கரும்பு வெட்ட அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சரி, தமிழுக்கு வருவோம். புழக்கத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன. முதலாவது ‘பயிற்சியாளர்’. கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் கற்றுக்கொடுப்பவர். கம்பெனி வாசலில் ‘பயிற்சியாளர்கள் தேவை’ என்று பலகை தொங்கினால் அவர் கற்றுக்கொள்பவர். ஒரே சொல் ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்றால் அது எதற்கு உதவும்? இதை விட்டுவிடலாம்.

இரண்டாவது ‘பயிலுநர்’; இலங்கையில் இதுதான் வழக்கு. பயில்கிறவர் பயிலுநர், பயிற்றுகிறவர் பயிற்றுநர் என்று இலக்கணம் கச்சிதமாக நிற்கிறது. எனக்கு இதில் ஒரே ஒரு குறை: தமிழ்நாட்டில் ‘பயில்’ இப்போது புத்தகப் பக்கம் சாய்ந்துவிட்டது. கல்லூரியில் பயில்வார்கள், லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், யாரும் பயில்வதில்லை.

மூன்றாவது, தமிழ்நாட்டு அரசு எழுதும் ‘தொழிற்பழகுநர்’. வண்டி ஓட்ட எல்எல்ஆர் வாங்கும்போது ‘பழகுநர் உரிமம்’ என்று பார்த்திருப்பீர்களே, அதே பழகுநர். நீச்சல் பழகுகிறோம், கார் பழகுகிறோம், கன்றை ஏருக்குப் பழக்குகிறோம். சித்திரமும் கைப்பழக்கம்தான். கை படிய வேண்டிய எல்லாவற்றுக்கும் தமிழில் ‘பழகு’ ஏற்கெனவே தயாராக இருக்கிறது. என் ஓட்டு இதற்கே. எழுதும்போது ஓட்டுநர், நடத்துநர் போலப் பழகுநர், ‘பழகுனர்’ அல்ல.

இந்தியாவில் பழகுநர்களுக்கான சட்டம் 1961இல் வந்தது. ரயில்வேயில் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ என்பார்கள். அந்த ‘ஆக்ட்’ நடிப்பு அல்ல, இந்தச் சட்டம்தான். இதன்படி பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர். அதனால் கிடைப்பது சம்பளம் இல்லை, உதவித்தொகை. 2019இல் திருத்திய விதிகள் படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சமாக வைத்தன. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். தொடக்கத்திலேயே ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும்; வயது பதினெட்டு ஆகாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திடுவார்.

ஒப்பந்தத்தைவிட முக்கியமானது, எந்த மாதம் எதைப் பழக வேண்டும் என்ற வரிசை. ஐடிஐ முடிக்காதவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம்தான் பணியிடம். ஐடிஐ முடித்தவர் நேரே பணியிடத்துக்குப் போகலாம். ஃபிட்டர் என்றால் ஆரம்பம் அரம்தான். வைஸ் என்ற பிடிகருவியில் இரும்புக் கட்டையைக் கடித்துப் பிடிக்க வைத்து ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால், இடுக்கில் வெளிச்சம் கசியும். மறுபடி ராவு. வெளிச்சம் கசியாமல் நிற்கிற வரை இதே வேலை, தோள் விட்டுப்போகும். துளை போடுவது, மரை வெட்டுவது, மெஷின் எல்லாம் அதன் பிறகு.

வரிசை இல்லாவிட்டால் பழகுநர் எடுபிடியாகிவிடுவார். என் சித்தப்பா மகன் ஒரு பட்டறையில் ஓராண்டு இருந்தான். குறிப்பேட்டில் நாலாம் மாதம் ‘லேத்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. அந்த மாதம் அவன் பார்த்த வேலை, இரும்புத் துருவலை அள்ளிக் கொட்டுவதும் டீ வாங்கி வருவதும்.

அந்த வரிசைக்கு என்ன பெயர்? ‘பயிற்சித் திட்டம்’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ‘உப்பைத் திட்டமாகப் போடு’ என்னும்போது திட்டம் என்பது சரியான அளவு. அரசு வாயில் போன பிறகு அது மானியத் திட்டம், காப்பீட்டுத் திட்டம் என்று ஆகிவிட்டது. ஒரு தனி ஆளுக்கான மாதவாரி வரிசைக்குப் ‘பயிற்சி நிரல்’ பொருந்தும்; நிரல் என்றாலே வரிசைதான், நிகழ்ச்சி நிரல் நமக்குப் பழகியதும்கூட. ‘நிரலில் எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டால் பையன் ‘டிரில்லிங்குக்கு வந்துட்டேன்’ என்பான். ‘திட்டத்தில் எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டால், இந்த மாத உதவித்தொகை இன்னும் வரவில்லை என்பான்.