வீட்டு வென்டிலேட்டரின் அலாரம் எதைச் சொல்கிறது?

நாம் இயல்பாக மூச்சிழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்கி மார்புக்கூடு விரிகிறது. நுரையீரலுக்குள் அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. வென்டிலேட்டர் இதற்கு நேர்மாறாக, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துக் காற்றை உள்ளே தள்ளுகிறது. தள்ளுவது நின்றதும் நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கி மூச்சை வெளியே விடுகிறது. தசைச்சிதைவு, முதுகுத்தண்டுக் காயம், முற்றிய சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) போன்றவற்றால் மூச்சுத்தசைகள் சோர்ந்துபோனவர்களுக்காக இந்தக் கருவி கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு வீட்டின் படுக்கையறைக்கு வந்து சேரும்போது, அதுவரை செவிலியர்கள் கவனித்த வேலை மனைவியின் கைக்கும் மகனின் கைக்கும் மருமகளின் கைக்கும் மாறிவிடுகிறது. அவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கருவிக்கு நோயாளியைத் தெரியாது. குழாய்க்குள் இருக்கும் அழுத்தமும் ஓடும் காற்றின் அளவும் மட்டுமே அதற்குத் தெரியும். நோயாளியின் மூச்சைப் பற்றி அது எழுப்பும் ஒவ்வொரு அலாரமும் இந்த இரண்டிலிருந்து அது செய்துகொள்ளும் ஊகமே.

திரையில் இரண்டு வகை எண்கள் தெரியும். ஒன்று மருத்துவர் வைத்துக் கொடுத்த அளவு. மற்றொன்று அந்த நேரத்தில் கருவி உண்மையில் அளந்தது. பெரியவர் ஒருவருக்கு ஒரு மூச்சுக்கு 500 மில்லி காற்று, நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தால் நிமிடத்துக்கு 7 லிட்டர் காற்று போய்வர வேண்டும். உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்பது மருத்துவர்கள் பொதுவாகத் தொடங்கும் அளவு. அழுத்தத்தைச் சென்டிமீட்டர் நீர் என்று குறிப்பார்கள். 20 என்றால், 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தக்கூடிய அழுத்தம் என்று பொருள். வைத்த எண்கள் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தாளோடு ஒத்திருக்கின்றனவா என்று நாளுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். துடைக்கும்போது கை பட்டு மாறியிருக்கலாம். அளந்த எண்களைத் தாளோடு ஒப்பிடுவதைவிட நேற்றைய எண்களோடு ஒப்பிடுவதில்தான் பயன் அதிகம். வைத்த வேகம் 14 ஆக இருக்க, திரை 28 காட்டினால், நோயாளி தானாகவே கூடுதலாக மூச்சிழுக்கிறார். காய்ச்சலா, வலியா, சளியா, காற்று போதவில்லையா என்று பார்க்க வேண்டிய வேளை அது.

அலாரங்களில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு மூச்சுக்கு இவ்வளவு காற்று என்று அளவை நிலையாக வைக்கும் முறையில், தொண்டைக் குழாயில் சளி அடைத்தால், கருவி அதே காற்றைத் தள்ளியே தீர முயல்வதால் அழுத்தம் ஏறுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அடித்தால் கை கனப்பதைப் போன்றது இது. உடனே உயர் அழுத்த அலாரம் ஒலிக்கிறது. ஆனால் அழுத்தத்தை நிலையாக வைக்கும் முறையில், அதே சளி அதே இடத்தில் அடைத்தாலும் அழுத்தம் ஏறுவதில்லை. கருவி 20 என்றால் 20-இல் நின்றுவிடுகிறது, உள்ளே போகும் காற்றுதான் குறைகிறது. இங்கே உயர் அழுத்த அலாரத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது ஆபத்து. காற்றளவு குறைந்ததற்கான அலாரம்தான் பேச வேண்டும். அதன் எல்லை மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தால் அதுவும் பேசாது. ஆகவே, தங்கள் வீட்டுக் கருவி எந்த முறையில் ஓடுகிறது, சளி அடைத்தால் எந்த அலாரம் வரும் என்ற இரண்டு கேள்விகளையும் வீடு திரும்பும் நாளிலேயே கேட்டு, விடையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தாழ் அழுத்த அலாரம் என்றால் காற்று எங்கோ கசிகிறது என்று பொருள்: மாஸ்க் நழுவியிருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். இதிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய குழாய், கருவியின் இணைப்போடு சேர்ந்தே வெளியே வந்துவிட்டால், குறுகிய அந்தக் குழாயே காற்றுக்குப் போதிய தடையாக இருந்து அழுத்தத்தை விழாமல் தாங்கிவிடக்கூடும். அப்போது அலாரம் ஒலிக்காது. குழந்தைகளுக்கான சிறு குழாய்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். அதே அளவுள்ள உபரிக் குழாய் ஒன்றைக் கருவியின் இணைப்பில் மாட்டி, மறுமுனையை வெறுங்காற்றில் விட்டு, அலாரம் வருகிறதா என்று சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். நோயாளிக்கு வேறு வழியில் மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் உடனிருக்கும்போதே இச்சோதனையைச் செய்ய வேண்டும்; அலாரம் வராவிட்டால், எல்லையை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

எந்த அலாரம் வந்தாலும், திரையைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் முகத்தையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும். நெஞ்சு எழுகிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே குழாய், அதன் பிறகே கருவி. கோவிட் காலத்துக்குப் பின் பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அது ஆக்சிஜனை மட்டுமே காட்டும். வெளியேறாமல் தேங்கும் கரியமில வாயுவைக் காட்டாது. காலையில் தலைவலி, பகலெல்லாம் மயக்கம் போன்ற தூக்கம் இருந்தால், ஆக்சிமீட்டரில் 95 என்று பார்த்து நிம்மதி அடையக் கூடாது. ஒற்றைக் குழாய்க் கருவிகளில் மாஸ்க்கிலோ குழாயிலோ உள்ள சிறு துளைகள், நோயாளி விட்ட மூச்சு வெளியேறுவதற்கானவை. கசிவு என்று எண்ணி அவற்றை டேப் ஒட்டி அடைத்தால் கரியமில வாயு திரும்ப உள்ளே போகும்.

மார்கழி விடியலில், சூடாக்கிய ஈரக்காற்று குளிர்ந்த குழாயைத் தொட்டு நீராகிறது. அந்த நீர் குழாயின் தாழ்ந்த வளைவில் திரண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் களகளவென்று அசையும். அந்த அசைவை நோயாளியின் மூச்சு முயற்சி என்று கருவி தவறாக எண்ணி, தேவையில்லாத மூச்சுகளைத் தள்ளும். நீரை நோயாளியின் பக்கம் சாயவிடாமல், குழாயைக் கழற்றி வெளியே வடிக்க வேண்டும்.

மின்தடையைப் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பகுதியினருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கருவியின் உள் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பேட்டரி பழசாகப் பழசாக அந்நேரம் குறையும். சூடேற்றும் ஈரப்பதக் கருவி மின்சாரத்தை அதிகம் இழுப்பதால், பேட்டரியில் ஓடும்போது அதற்கு மாற்றாக ‘செயற்கை மூக்கு’ எனப்படும், மூச்சின் ஈரத்தைத் தக்கவைக்கும் வடிகட்டிபோன்ற சிறு பாகத்தைப் பொருத்தலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவைக்க வேண்டும். இன்வெர்ட்டர் வாங்கினால், வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாக மின்சாரம் தரும் சைன் வேவ் வகையே ஏற்றது. எல்லாம் கைவிட்டபின் மிஞ்சுவது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையான ஆம்பு பேக். அதை அலமாரியில் பூட்டாமல் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டு, வீட்டிலுள்ள குறைந்தது இருவர் பழகியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை, நெஞ்சு எழுவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் அழுத்தி, முழுவதும் விரிய விட்டுவிட்டு மீண்டும் அழுத்த வேண்டும்.